தத்துவம் படிக்கப் போய் சர்வே எடுத்த கதை

தத்துவத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "இந்த நிலைமையில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். சரி, யாரையாவது கேட்டாயா என்று மடக்குவதுதான் பரிசோதனைத் தத்துவம்.

2003இல் ஜோஷுவா நோப் என்ற அமெரிக்கத் தத்துவ ஆய்வாளர் அப்படித்தான் மன்ஹாட்டன் பூங்கா ஒன்றில் இருந்தவர்களிடம் ஒரு கதையைக் கொடுத்தார். புதுத் திட்டம் சுற்றுச்சூழலைக் கெடுக்கும் என்று தெரிந்தும், லாபம்தான் முக்கியம் என்று கம்பெனித் தலைவர் சம்மதிக்கிறார். வேண்டுமென்றே கெடுத்தாரா? 82 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். 'கெடுக்கும்' என்ற இடத்தில் 'மேம்படுத்தும்' என்று போட்டு வேறு சிலரிடம் கொடுத்தபோது, வேண்டுமென்றே மேம்படுத்தினார் என்றவர்கள் 23 சதவீதம்தான்.

தலைவரை விட்டுவிட்டு, அவர் சொன்னதைச் செய்து முடிக்கும் ஊழியர் மேல் எவ்வளவு பழி விழும் என்று பார்க்க நினைத்தேன். நான் படிக்கும் அமெரிக்காவில் அதற்கு முதலில் ஐ.ஆர்.பி. என்ற நெறிமுறைக் குழுவின் படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர் கேட்காத சர்வேதான், முழுப் பரிசீலனையிலிருந்து பெரும்பாலும் விலக்கு கிடைத்துவிடும். ஆனால் விலக்கு உண்டா என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸுக்குச் சிகிச்சை தராமல் நோயை வேடிக்கை பார்த்தார்களே, அந்த ஆய்வு வெளியே தெரிந்த பிறகு இறுகிய விதிகள் இவை. அதை நினைத்தால் படிவத்தின் மேல் கோபம் வராது. வந்தாலும் கொஞ்சம்தான்.

உண்மையில் நேரம் தின்றது கதையை எழுதுவதுதான். "உத்தரவிட்டார்" என்றால் ஊழியர் பாவம். "கேட்டுக்கொண்டார்" என்றால் அவரும் உடந்தை. ஒரு வினைச்சொல்லில் முடிவே சாய்ந்துவிடும். கதை புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வி வேறு: "கெடுதல் வரும் என்று ஊழியருக்குத் தெரியுமா?" தெரியாது என்பவர்களின் பதில்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதையெல்லாம் டேட்டா வருவதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். பிறகு வசதிக்கு ஏற்ப ஆட்களைக் கழிக்க முடியாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விதி இது.

புள்ளியியல் கற்ற பாட்டை விடுங்கள், அது தனிப் புலம்பல்.

சர்வேயின் கடைசியில், எதுவும் சொல்ல விரும்பினால் எழுதுங்கள் என்று ஒரு பெட்டி வைத்திருந்தேன். பெரும்பாலும் நன்றி என்று இருந்தது. ஒருவர் மட்டும், "அந்த ஊழியருக்கு வேறு வேலை கிடைக்குமா? அதைச் சொல்லாமல் எப்படிப் பழி போடுவது?" என்று கேட்டிருந்தார். அடுத்த ஆய்வு அதுதான்: ஒரு குழுவுக்கான கதையில் ஊழியர் கையில் வேறு வேலை இருக்கும், இன்னொன்றில் இருக்காது. திருத்திய படிவம் இப்போது ஐ.ஆர்.பி.யிடம் இருக்கிறது.