அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குதல்

மியன்மாரின் யாங்கோன் நகரின் நடுப்பகுதியில் சிறிய பரிசுப்பொருள் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். கைவினைப் பொருள்களை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், முதலில் பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள் என்றுதான் சொல்வது வழக்கம். மேற்பக்கத்துப் பளபளப்பு வாங்குபவரின் கண்ணைக் கவர்வதற்காகச் செய்யப்படுவது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்த அடிப்பக்கத்திலும் மூடியின் உள்விளிம்பிலும்தான் செய்தவருடைய தொழில் பழக்கம் தெரியும்.

என் கடையில் பாதி இடத்தைப் பிடித்திருப்பவை பாகானிலிருந்து வரும் அரக்குப் பாத்திரங்கள். பாகானிலும் அதையொட்டிய மியின்கபா கிராமத்திலும் குடும்பம் குடும்பமாக இத்தொழிலைச் செய்கிறார்கள்; 1924இல் இதற்கென்றே அங்கு ஒரு தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. இந்த அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பதன்று. திட்சி என்னும் மரத்தைக் கீறி வடிக்கும் பால். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். பச்சையாக மேலே பட்டால் பலருக்குத் தோல் தடித்து அரிக்கும். மூங்கிலைச் சன்னமான பட்டைகளாகச் சீவி, சுருட்டியோ பின்னியோ உருவம் அமைத்து, அரக்கில் சாம்பலைக் குழைத்து இடுக்குகளை அடைத்து, காய்ந்ததும் தேய்த்து, மறுபடியும் பூசுகிறார்கள். வெயிலில் வைத்து அவசரமாக உலர்த்தக்கூடிய பூச்சு இதுவன்று. ஈரக்காற்று இருந்தால்தான் இறுகும் என்பதால், தரைக்கு அடியில் உள்ள இருட்டறையில் வைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். நல்ல பாத்திரம் ஒன்று கைக்கு வருவதற்கு ஆறு மாதத்துக்கு மேல் ஆவது சாதாரணம்.

அதன் பிறகுதான் சித்திர வேலை தொடங்குகிறது. எழுத்தாணி போன்ற கூரிய கருவியால் கைப்போக்கில் கோடு கீறி, அதில் ஒரு நிறத்தைத் தேய்த்து நிரப்பி, மிகுதியைத் துடைத்து, பிசினால் மூடிவிட்டு, அடுத்த நிறத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து கீற வேண்டும். எனவே சிவப்பு மட்டும் உள்ள பெட்டிக்கும், சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் உள்ள பெட்டிக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் சாயத்துக்கானது அன்று, உழைப்புக்கானது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடு உள்ளே கீறப்பட்டதா, மேலே தீட்டப்பட்டதா என்பது தெரிந்துவிடும். ஓர் இதழைப் போலவே அடுத்த இதழும் அச்சுக்குத் தப்பாமல் இருந்தால் நான் சற்று யோசிப்பேன்.

வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். பர்மியப் பெட்டி உருளை வடிவமானது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் இருக்கும். உயரமான மூடி ஏறக்குறைய முழு உடலையும் மறைத்துவிடும். நல்ல பெட்டியில், மூடியை மேலே பொருத்திக் கையை எடுத்துவிட்டால், உள்ளிருக்கும் காற்றை மெல்ல வெளியேற்றிக்கொண்டு அது தானாகவே இறங்கும். தடதடவென்று விழுந்தாலும் பாதியில் சிக்கிக்கொண்டாலும் நான் வாங்குவதில்லை. பிறகு, ஈரமான வெள்ளைத் துணியால் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்ப்பேன், சாயம் ஒட்டக்கூடாது. எனாமல் பெயிண்ட் வாடை அடிக்கக்கூடாது. குதிரைமயிரைப் பின்னிச் செய்யும் மெல்லிய கிண்ணங்களுக்கு இன்னொரு சோதனை உண்டு: விளிம்பின் இரு பக்கமும் ஒன்றையொன்று தொடும்வரை அழுத்திவிட்டால், விரிசல் விடாமல் பழைய வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் இதைச் செய்து காட்டும்போது அவர்கள் பதறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

“ஏம்மா, இதே மாதிரி டப்பா மார்க்கெட்டுல பாதி விலைக்குக் கிடைக்குதே?” என்று கேட்கும் பெரியம்மாக்களுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திறந்து காட்டுவதே போதுமானது. கொள்முதலில் நான் பேரம் பேசாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். விலையை அடித்துக் குறைத்தால், செய்பவர் தம் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ள முடியாது; பூச்சின் எண்ணிக்கையைத்தான் குறைப்பார், அது அடுத்த ஆண்டுதான் வெடிப்பாக வெளியே தெரியும்.

தரத்துக்கு அடுத்தபடியாக, யாருக்கு விற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் குறைந்துவிட்ட இந்த ஆண்டுகளில், என் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இங்குள்ள தமிழ்க் குடும்பத்தினர். கல்யாணத்துக்கும், தமிழ்நாட்டு உறவினர்களுக்குக் கொண்டுபோவதற்கும் வாங்குகிறார்கள். பர்மிய வீடுகளில் அதிர்ஷ்டத்துக்காக வைக்கும் காகிதக்கூழ் ஆந்தை ஜோடி, பொன்னிறத்தில் மிக அழகாக இருக்கும். ஆனால் ஆந்தையைக் கல்யாணப் பரிசாக எடுத்துச்செல்லும் துணிச்சல் நம்மவர்களில் எவருக்கும் இல்லை. அதே காகிதக்கூழில் செய்யப்படும், எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் பொம்மையோ, தஞ்சாவூர் பொம்மைக்குத் தங்கை முறை என்பதால் வந்த வேகத்தில் விற்றுப்போகிறது. புத்தர் உருவம் பொறித்த எதையும் நான் வாங்கி வைப்பதில்லை. அது இந்நாட்டு மக்கள் வணங்கும் உருவம், அலமாரியில் விலைச்சீட்டோடு இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பத்தெய்ன் நகரத்துக் குடைகளை ஓரளவு வைத்திருக்கிறேன். வாங்கும்போது விரித்து, மூங்கில் கம்பிகள் ஒரே சீராக நிற்கின்றனவா என்று பார்ப்பதோடு சரி. அவற்றில் பெரும்பாலானவை வெயிலுக்கானவை. மழை தாங்குவது, மரப்பிசின் பலமுறை பூசிய, பிக்குகள் பிடிக்கும் காவி நிறக் குடைதான் என்பதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். இன்லே ஏரியின் தாமரைநூல் சால்வைகளில் எனக்கு ஆசை உண்டு. தண்டை ஒடித்து இழுக்கும்போது வரும் இழைகளைத் திரித்து நெய்யும் அந்தச் சால்வை ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான தண்டுகள் வேண்டும். அந்த விலைக்கு ஒன்றை வாங்கி அலமாரியில் காத்திருக்க வைக்கும் முதல் என்னிடம் இல்லை.

அரக்குப் பொருள்களைக் கண்ணாடிச் சன்னல் வெயிலிலோ ஏ.சி.யின் நேர்க்காற்றிலோ வைக்கக்கூடாது. வறண்ட காற்றில் அவை கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். வாங்கிச் செல்பவர்களுக்கும் இதைச் சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது மியின்கபாவில் உள்ள ஒரு சயாமாவிடம் (ஆசிரியையை இங்கு அப்படி அழைப்பார்கள்), தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்கத்தக்க சிறிய குங்குமப் பெட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மாங்காய் வடிவம் கீறித் தரமுடியுமா என்று கேட்டதற்கு, அது தம் கைக்குப் பழக்கமில்லை, தமக்குத் தெரிந்த கொடியைத்தான் கீறமுடியும் என்றார். சித்திரத்தை அவருக்கே விட்டுவிட்டு, அளவையும் மூடியின் பொருத்தத்தையும் மட்டும் பேசி முடித்து, பாதிப் பணத்தை முன்னதாக அனுப்பிவிட்டேன்.