பூனைக்குப் பொருந்தாத முகமூடி

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் புகை அடங்கும் முன்பே தீயணைப்பு வீரர் ஒருவர் இறங்கி வந்தார். கையில் சாம்பல் நிறப் பூனை.

படிக்கட்டில் உட்கார்ந்து, மனிதர்களுக்கான பிராணவாயு முகமூடியை அதற்கு வைத்தார். தலை முழுவதும் உள்ளே போய்விட்டது. ஓரங்களில் காற்று வீணாகக் கசிந்தது.

கையுறையைக் கழற்றி, உள்ளங்கையைக் குவித்து அந்த இடைவெளியை அடைத்தார். பூனை இருமியது.

"பிழைத்துக்கொள்ளும் தம்பி" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அந்த மலாய்த் தம்பி தலையாட்டினார்.

விலங்குகளுக்கென்றே கூம்பு வடிவ முகமூடிகள் இருக்கின்றன. பெரும்பாலும் மூன்று அளவுகள்; மூக்கைச் சுற்றி இறுகப் பிடிக்க ரப்பர் வளையம்; கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். பல நாடுகளில் பொதுமக்களே வாங்கித் தீயணைப்பு நிலையங்களுக்குக் கொடுக்கிறார்கள்.

"மனிதருக்கே ஆயிரம் தேவை, பூனைக்கா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

வளர்த்த பிராணி உள்ளே சிக்கினால் வளர்த்தவர் நெருப்புக்குள் திரும்ப ஓடுவார், ஐயா. பயந்த பூனையோ வாசலுக்கு வராது, கட்டிலுக்கடியில் ஒளியும்.

எங்கள் குடியிருப்புச் சங்கம் தீபாவளி விருந்துப் பணத்தில் ஒரு தொகுப்பு வாங்கித் தரலாம். அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன். பொருளாளருக்குப் பூனை என்றாலே ஆகாது, சண்டை நிச்சயம்.