அத்தை கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்கப் போனோம்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊரில் இருந்த எங்கள் வீட்டைப் போன வாரம்தான் கிரயம் செய்து கொடுத்தோம். 4 சென்ட், ஓட்டு வீடு. கடலில் பவளப்பாறை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிய காலத்தில் அப்பா கல் வள்ளத்தில் போனவர். வீட்டுச் சுவரே அந்தக் கல்தான். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-ல் பவளப்பாறைக்கு வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. கல் வேலை போனதும் ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பழைய சுவருக்குக் கடன் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டதால் எங்களிடம் வந்த இரண்டு பேர் விலகிப்போனார்கள். மூன்றாவதாக வந்தவர் கையில் பணம் வைத்திருந்தார்.

வில்லங்கச் சான்று, வரி ரசீது, மூலப்பத்திரம் எல்லாம் சரியாக இருந்தன. அண்ணன் சென்னையிலிருந்து சேது எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினான், அக்கா பரமக்குடியிலிருந்து வந்தாள். மறுநாள் பதிவு. அன்று மாலைதான் பத்திர எழுத்தர் வாரிசுச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா இறந்தப்ப அவரோட அம்மா இருந்தாங்களா?" என்று கேட்டார்.

இருந்தார்கள். அப்பா இறந்தது 2009-ல், அப்பத்தா இறந்தது 2014-ல். சான்றிதழ் வாங்கப் போனபோதே அப்பத்தா பெயரைச் சொன்னோம். "பொண்டாட்டி புள்ளைக இருக்கும்போது அவங்க பேரு எதுக்கு?" என்று அங்கிருந்த எழுத்தர் எழுதாமல் விட்டார். நாங்களும் நம்பிவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. அம்மா, நாங்கள் மூவர், அப்பத்தா என்று ஐந்து பங்கு. அப்பத்தாவின் பங்கில் பாதி அவர் மகளான எங்கள் அத்தைக்கு, மீதி பேரப்பிள்ளைகளான எங்கள் மூவருக்கு. அதாவது வீட்டில் பத்தில் ஒரு பங்கு அத்தையுடையது. அவர் கையெழுத்து இல்லாமல் விற்றிருந்தால் வாங்கியவருக்கு என்றைக்கும் தலைவலிதான்.

பதிவு நின்றது. அண்ணன் வந்த வழியே திரும்பினான். இ-சேவை மையத்தில் அப்பாவுக்கும் அப்பத்தாவுக்கும் தனித்தனியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஏழு வாரம் போனது. அப்பத்தாவின் இறப்பை அப்போதே பதிவு செய்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது. ஒரு வருடம் தாண்டிய இறப்பைப் பதிய வேண்டுமென்றால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் விட்டுப்போயிருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

எனக்குப் பயமாக இருந்தது அத்தையிடம் போய்ச் சொல்வதுதான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை வருசமா எங்க பேரு எந்தக் காகிதத்துலயும் இல்லையா தம்பி?" என்றார். பணம் வேண்டாம் என்றார். பத்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தே தீருவது என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போட்டால் அதற்கு வேறு செலவு. அதனால் கிரயப் பத்திரத்திலேயே அத்தையையும் விற்பவராகச் சேர்த்தோம்.

பதிவு நாளில் இன்னொரு சோதனை. கைரேகைக் கருவி அத்தையின் விரலை ஏற்கவில்லை. முப்பது வருடம் பாறையில் கடல்பாசி எடுத்த கை, ரேகை தேய்ந்துபோயிருந்தது. ரேஷன் கடையிலும் இதே கதைதானாம். ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு இன்னொரு நாள் வரச் சொன்னார் அங்கிருந்தவர். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர்தான், வெந்நீரில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கச் சொன்னார். டீக்கடையில் வெந்நீர் வாங்கி வந்தேன். இடது நடுவிரல் பதிந்தது.

வெளியே வந்ததும் அத்தை பத்திர நகலைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று என்னைக் காட்டச் சொன்னார்.