லிங்கனில் ஏப்ரல்

ஏப்ரல் பிறந்தால் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் எங்கள் லிங்கன் நகருக்கு இரட்டை ஜுரம். ஒன்று, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) அணியின் வசந்த ஆட்டம். ஒரே அணி சிவப்பு, வெள்ளை என்று பிரிந்து தனக்குள்ளேயே மோதும். யார் ஜெயித்தாலும் நம்ம பசங்கதான். எந்தக் கணக்கிலும் சேராத இந்த ஆட்டத்துக்கு 2023இல் அறுபதாயிரத்துக்கு மேல் கூட்டம்!

2013இல் மூளைப் புற்றுநோயோடு போராடிய ஏழு வயதுச் சிறுவன் கையில் பந்தைக் கொடுத்தார்கள். தலைக்கவசம் ஆட ஆட 69 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினான். இரண்டு பக்கத்து வீரர்களும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அந்த வீடியோவை இப்போது பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொன்று, ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும் நகரத் தேர்தல். ஏப்ரலில் முதல் சுற்று, மே மாதம் இறுதிச் சுற்று. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, ஆனால் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். சட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குடியரசுக் கட்சிக்கும் சிவப்பு, அணிக்கும் சிவப்பு! 2023இல் மேயராக மறுபடி ஜெயித்த லீரியன் கேலர் பேர்ட் ஜனநாயகக் கட்சிக்காரர்.

2025இல் வழக்கமான வசந்த ஆட்டத்தைப் பயிற்சியாளர் மேட் ரூல் கைவிட்டார். மற்ற கல்லூரிகள் பார்த்துவிட்டு நம் வீரர்களுக்கு வலைவீசும் என்ற பயம். தேர்தல் மட்டும் சொன்ன தேதியில் நடந்தது.