மைட்டோகாண்ட்ரியா தானம்: யாருக்காக இந்த ரிஸ்க்?

2025 ஜூலையில் இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து வந்த செய்தி நினைவிருக்கலாம். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் சின்ன உறுப்பு, தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும். அதில் வரும் நோயைப் பிள்ளைக்குக் கடத்தும் ஆபத்தில் இருந்த ஏழு பெண்களுக்கு, வேறொரு பெண் தானம் கொடுத்த முட்டையின் நல்ல மைட்டோகாண்ட்ரியாவோடு எட்டுக் குழந்தைகள், அதில் ஒரு பிரசவம் இரட்டை. உடனே எல்லா இடத்திலும் 'மூன்று பெற்றோர் குழந்தை' என்று தலைப்பு. மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது 37 மரபணு, செல்லின் மையமான நியூக்ளியஸில் இருப்பது சுமார் 20,000. மூக்கும் முழியும் தானம் கொடுத்தவரிடமிருந்து வரப்போவதில்லை. அந்தப் பஞ்சாயத்து எனக்கு வேண்டாம், என்னை உறுத்துவது வேறு.

நியூகாசிலில் செய்வது இதுதான்: தாயின் கருமுட்டை, தானமாகக் கிடைத்த முட்டை, இரண்டையும் கருவுறச் செய்கிறார்கள். தான முட்டையின் நியூக்ளியஸ் பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெற்றோருடையதை வைக்கிறார்கள். வீடு மாறும்போது பழைய வீட்டுக் கரப்பான்பூச்சியும் அட்டைப்பெட்டியோடு வந்துவிடுமே, அது மாதிரி தாயின் பழுதான மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த எட்டுக் குழந்தைகளின் ரத்தத்தில் அது கண்டுபிடிக்க முடியாத அளவிலிருந்து 16 சதவீதம் வரை இருந்தது. நோய் தலைகாட்டப் பொதுவாக இதைவிட ரொம்ப அதிகம் வேண்டும், அதனால் இப்போதைக்கு நிம்மதி.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நோயில்லாத குழந்தைதான் வேண்டும் என்றால் சாதாரண கருமுட்டை தானமே போதும், இந்த வித்தையெல்லாம் தேவையே இல்லை. ஆக, இந்தச் சிகிச்சை யாருடைய நோயையும் குணப்படுத்தவில்லை, 'என் ரத்தமாக இருக்கணும்' என்ற ஆசைக்காகத்தான் இவ்வளவும், அதற்கான ரிஸ்க்கைச் சுமப்பதோ இன்னும் பிறக்காத பிள்ளை. அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். நியூயார்க் மருத்துவர் ஜான் ஜாங் மெக்சிகோவுக்குப் போய் செய்த இதுபோன்ற சிகிச்சையால் 2016இல் குழந்தை பெற்ற ஜோர்டான் தம்பதி, லீ சிண்ட்ரோம் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய்க்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள். அவர்களிடம் போய் யார் என்ன நியாயம் பேசுவது?

கோபம் வருவது அதற்கப்புறம் நடந்ததில். அதே முறையை, நோயே இல்லாத, வயதாகி முட்டை பலவீனமான பெண்களுக்கு ஜாங் தரப்பினர் விற்கப் பார்த்தார்கள், 2017இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கடிதம் எழுதி நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. உக்ரைனின் கீவ் நகரில் ஒரு மருத்துவமனை குழந்தையின்மைக்கே இதைச் செய்தது. கிரீஸில் ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய் முறை பலமுறை தோற்ற பெண்களிடம் நடந்த சோதனையில் ஆறு குழந்தைகள் பிறந்தன, அதில் ஒன்றுக்குத் தாயின் மைட்டோகாண்ட்ரியா 30 முதல் 60 சதவீதம் வரை திரும்பி வந்திருந்தது. அந்தத் தாய்க்கு மைட்டோகாண்ட்ரியா நோய் இல்லாததால் பிள்ளை தப்பித்தது. நோயுள்ள தாயாக இருந்திருந்தால்?

பிரிட்டன் 2015இல் பாராளுமன்றத்தில் 382க்கு 128 என்று வாக்கெடுத்துச் சட்டம் போட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கவைத்து, முதல் முடிவுகளை வெளியிடப் பத்து வருடம் ஆனது. ஆமை வேகம் என்று திட்டினார்கள், எனக்கு அந்த வேகம் பிடித்திருக்கிறது. அங்கே எனக்கு ஒத்துவராதது ஒன்றே ஒன்று: அந்தக் குழந்தை 16 வயதில் கேட்டால் தானம் கொடுத்தவரைப் பற்றிச் சில விவரங்கள் கிடைக்கும், ஆனால் அவர் யார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சாதாரண கருமுட்டை தானத்தில் பிறந்த பிள்ளைக்கு 18 வயதில் அந்த உரிமை உண்டு. 37 மரபணுதானே என்று சட்டம் நினைக்கலாம், ஆனால் அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பதே அந்த 37ஆல்தான், கேட்டால் பெயரைச் சொல்லிவிட்டுப் போகட்டுமே.