கிராஃபின் ஊர்

2003 செப்டெம்பர். ஜேர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு வந்து இரண்டு கிழமை. போடன்சே ஏரிக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் ஆப்பிள் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மேலே மோட்டார் சத்தம் கேட்டது. விமானம் மாதிரிச் சட்டென்று கடந்துபோகாமல், ஒரே இடத்தில் நின்று இரைகிற சத்தம். யாழ்ப்பாணத்தில் ஹெலி இப்படித்தான் வரும். கூடையோடு மரத்தடியில் குப்புற விழுந்தேன். ஆப்பிள்கள் நாலாபக்கமும் உருண்டன. நீளமான ஒரு நிழல் மரவரிசைகளைத் தாண்டி, என் முதுகையும் தாண்டி, ஆறுதலாக நகர்ந்து போனது. தோட்டக்காரக் கிழவர் ஓடிவந்து என்னைத் தூக்கி நிமிர்த்தினார். வானத்தைக் காட்டி ஒரு சொல்தான் சொன்னார்: "செப்பலின்."

ஹீலியம் நிரப்பிய 75 மீற்றர் வான்கப்பல். கோடை காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏரிக்கு மேலால் பறக்கும். கிழவர் கையால் சாடை காட்டி விளங்கப்படுத்தினார். எனக்கு நெஞ்சு அடங்க அரைமணி நேரம் எடுத்தது.

இந்த ஊரில் பள்ளிக்கூடம், விழா மண்டபம், அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் வான்கப்பல் கட்டிய செப்பலின் என்பவரின் பெயர்தான். பேச்சில் 'கிராஃப்' என்றாலே போதும், பிரபு என்று அர்த்தம், யாரென்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு இராணுவ அதிகாரி என்று அறிந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. சீருடைக்காரர் ஒருவரின் பெயரை ஒரு ஊர் இவ்வளவு அன்பாகச் சொல்வதை நான் அதற்கு முன் கண்டதில்லை. டொச் என்கிற ஜேர்மன் மொழி வகுப்பில் ஊரைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு அவர் கதையைத்தான் படித்தேன்.

ஃபெர்டினான்ட் ஃபொன் செப்பலின் 1838 இல், ஏரியின் அடுத்த கரையிலுள்ள கொன்ஸ்டான்ஸில் பிறந்தவர். சேர்ந்தது வூர்ட்டெம்பேர்க் அரசின் படையில். அப்போது ஜேர்மனி என்று ஒரு நாடு கிடையாது. 1863 இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பார்க்கப் போனவர், மினசோட்டாவில் முதல்முறையாகப் பலூனில் ஏறினார். ஊரில் எல்லோரும் இந்த இடத்தை விரித்துச் சொல்வார்கள். எனக்கு மனதில் நின்றது 1870 ஜூலையில் நடந்த சம்பவம்தான். பிரான்சுடன் போர் தொடங்கிய நாட்களில் சிறு குதிரைப்படைக் குழுவோடு பிரெஞ்சு எல்லைப் பகுதியான அல்சாஸுக்குள் வேவு பார்க்கப் போனார். ஷீர்லென்ஹோஃப் என்ற இடத்தில் ஒரு சத்திரத்தில் குதிரைகளை ஆறவிட்டுச் சாப்பிட இறங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் சூழ்ந்துகொண்டார்கள். கையில் கிடைத்த குதிரையில் ஏறி அவர் தப்பிவிட்டார். கூட வந்த இளம் அதிகாரி ஒருவர் அங்கேயே செத்துப்போனார். அந்தப் போரில் விழுந்த முதல் ஜேர்மன் உயிர் அது. இதை வீரச்செயலாகத்தான் சொல்கிறார்கள். தப்பி வந்தவனுக்கு அந்தச் சத்திரம் எத்தனை இரவு கனவில் வந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு படிப்படியாக மேலே போனார். உல்மில் குதிரைப்படைத் தளபதி, பெர்லினில் வூர்ட்டெம்பேர்க்கின் தூதர். 1890 இல் ஒரு மனு எழுதினார். தன் அரசின் படை, ஒன்றுபட்ட ஜேர்மனியில் மேலோங்கியிருந்த பிரஷ்ய அரசின் பிடிக்குள் அளவுக்கு மீறிப் போகிறது என்று வெளிப்படையாகச் சொன்ன மனு. அதே வருடம் இலையுதிர்காலப் போர்ப்பயிற்சியில் அவர் படை நடத்தியது சரியில்லை என்று மதிப்பிட்டு, ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 52 வயது. படையைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர்.

அப்புறம்தான் அவர் வான்கப்பலைப் பிடித்தார். 1874 இலேயே நாட்குறிப்பில் எழுதிவைத்த யோசனை அது. 128 மீற்றர் நீளமான முதல் கப்பல் 1900 ஜூலை 2 அன்று, எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மான்செலில் ஏரிக்கு மேல் 18 நிமிடம் பறந்தது. காசு முடிந்துபோனதால் அதைக் கழற்றிப் போட்டார்கள். இரண்டாவது கப்பலுக்காக மனைவி இசபெல்லாவின் நிலங்களை ஈடு வைத்தார். 1906 ஜனவரியில் அதைக் காற்று உடைத்துப் போட்டது. 1908 ஓகஸ்ட் 5 அன்று நான்காவது எக்டர்டிங்கனில் எரிந்தது. அவருக்கு 70 வயது. அந்த நெருப்பைக் கேள்விப்பட்ட சனம் யாரும் கேட்காமலே காசு அனுப்பத் தொடங்கியது. 60 இலட்சம் மார்க்குக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காசில் உருவான அறக்கட்டளை இன்று நகரசபையின் பொறுப்பில் இருக்கிறது.

ஒன்றை மறைக்கக்கூடாது. 1915 மே 31 இரவு லண்டன் மீது குண்டு போட்டதும் ஒரு வான்கப்பல்தான். கிராஃப் அதை எதிர்க்கவில்லை, ஆதரித்தார். 1944 ஏப்ரலில் இந்த ஊரே குண்டுவீச்சில் எரிந்தது. அருங்காட்சியகத்தில் அந்தப் படங்களுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பங்கருக்குள் இருந்து வெளியே வந்த முகங்களை எனக்குத் தெரியும்.

2014 இல் அம்மா விசிட் விசாவில் வந்தார். பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர் சத்தம் கேட்டதும் "தம்பி, உள்ளுக்கு வா!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவரை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கிராஃபின் கதையைச் சொன்னேன். போர், பதவி, பெர்லின் எதையும் அவர் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. ஈடு வைத்த இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"பெண்சாதியின்ர காணியையோ?"

"ஓம் அம்மா."

1999 இல் என்னை அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய காசு, அம்மாவின் சீதனக் காணியை ஈடு வைத்து எடுத்தது. மீட்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

"அவள் பாவம், எத்தினை இரவு நித்திரை கொண்டிருக்கமாட்டாள்" என்றார். பிறகு தானாகவே எழும்பிப் பல்கனிக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேவாலயக் கோபுரம் இரண்டுக்கும் பின்னால் அது மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.