பர்ரன் பாறைவெளியும் மோஹர் கடற்கரையும்

அயர்லாந்தின் மேற்குக் கரைக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்ப்பதற்காகவே கிளேர் மாவட்டத்துக்கு வருகிறார்கள். டப்ளினிலிருந்தோ கால்வேயிலிருந்தோ காலையில் புறப்படும் சுற்றுலாப் பேருந்துகள் அவர்களைக் கடல் விளிம்பில் ஓரிரு மணி நேரம் இறக்கிவிட்டு மாலைக்குள் திரும்ப அழைத்துச் சென்றுவிடுகின்றன. வழியில் சன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் நீண்டுகொண்டே போகும் மொட்டைக் குன்றுகளில் இறங்கி நடக்கப் பெரும்பாலும் நேரம் இருப்பதில்லை. பர்ரன் எனப்படும் அந்தக் குன்றுகளுக்காகவே மே மாத இறுதியில் பாலிவான் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கினேன். மோஹருக்கும் போனேன், ஆனால் கிளேருக்குச் செல்லும் ஒருவர் தம் நேரத்தில் பெரும்பகுதியைப் பர்ரனுக்கே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பர்ரனின் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய அயர்லாந்து நிலநடுக்கோட்டுக்கு அருகே வெதுவெதுப்பான, ஆழமற்ற ஒரு கடலுக்கு அடியில் கிடந்த காலத்தில் படிந்தது. அக்கடலில் வாழ்ந்த பவளங்களின் புதைபடிவங்களை இன்றும் பாறைப் பரப்பில் விரலால் தடவிப் பார்க்கலாம். பனியுகத்தின் பனிப்பாறைகள் இந்நிலத்தைச் சுரண்டித் தேய்த்தன. பிற்காலத்தில் வேளாண் மக்கள் காட்டை அழித்தபோது எஞ்சியிருந்த மண்ணிலும் பெரும்பகுதி அரித்துச் செல்லப்பட்டது. பாறையின் விரிசல்களில் இறங்கிய மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் பெற்ற மெல்லிய அமிலத்தன்மையால் கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, ஆழமான பிளவுகளை உண்டாக்கியது. பாளம் பாளமாக நிற்கும் பாறைத் துண்டுகளைக் கிளிண்ட் என்றும் இடையிலுள்ள பிளவுகளைக் கிரைக் என்றும் அழைக்கிறார்கள். மழை இப்படி உள்ளே இறங்கிவிடுவதால் மேற்பரப்பில் ஓடைகள் மிகக் குறைவு. மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது பள்ளங்களில் ஏரி தோன்றுவதும், கோடையில் அதே ஏரி அடியிலுள்ள துளைகள் வழியே வடிந்து புல்வெளியாகிவிடுவதும் இங்கு ஆண்டுதோறும் நடப்பவை. டர்லாக் எனப்படும் அத்தகைய ஏரிகளின் ஓரத்தில், நீர் வழக்கமாக ஏறி நிற்கும் உயரத்தைக் கற்களில் படிந்திருக்கும் கரும்பாசி காட்டிக்கொடுக்கிறது.

பிளாக் ஹெட் முனையைச் சுற்றி ஃபனோர் கடற்கரை வரை செல்லும் சாலையோரத்தில் பாறைத்தளம் நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு பிளவின் விளிம்பில் குனிந்து உட்கார்ந்தேன். மேலே அட்லாண்டிக் காற்று பேச்சொலியையே அடித்துச் சென்றுகொண்டிருக்க, பிளவுக்குள் ஓர் இலைகூட அசையவில்லை. ஒரு முழ ஆழத்தில், ஈரம் கசியும் சுவரில், நாக்கு வடிவ இலைகளைக் கொண்ட பெரணி பளபளத்தது. வெட்டவெளிக் குன்றில் நிழற்காட்டுத் தாவரம் வளர இந்தப் பிளவுகளே இடம் தருகின்றன. பாளங்களின் மேற்பரப்பில் உள்ளங்கை அகலக் குழிகளில் தேங்கிய மழைநீரில், ஊறவைத்த கடற்பாசி போன்ற வழுவழுப்பான ஒரு கரும்பச்சைப் பொருள் மிதந்தது. நாஸ்டாக் என்னும் நுண்ணுயிர்களின் திரள் அது. வெயிலில் காய்ந்தால் கறுத்துப் பொருக்காகிவிடும், மழை வந்தால் மறுபடியும் உப்பிக்கொள்ளும்.

பாறைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய புல்தரையில்தான் பர்ரனின் புகழ்பெற்ற பூக்கள் இருக்கின்றன. ஸ்பிரிங் ஜென்ஷியன் என்னும் சிறு பூ ஒரு நாணய அளவுகூட இல்லை. ஆனால் அதன் நீலம் பத்தடி தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளில் வளரும் அச்செடியும், துருவப் பகுதிக்குரிய, வெண்ணிற இதழும் மஞ்சள் நடுப்பகுதியும் கொண்ட மவுன்டன் ஏவன்ஸும் இங்கே கடல்மட்டத்துக்கு அருகிலேயே பூக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே மத்தியதரைக் கடல் பகுதிக்குரிய ஆர்க்கிட் ஒன்றும் வளர்கிறது. பனிநாட்டுச் செடியும் வெப்பநாட்டுச் செடியும் ஒரே சாண் நிலத்தைப் பகிர்ந்துகொள்வதை நேரில் பார்த்தபோது நெடுநேரம் எழுந்திருக்க மனம் வரவில்லை.

இத்தனை பூக்களும் தாமாகத் தழைப்பவை என்றுதான் வருபவர்கள் நினைக்கக்கூடும். உண்மையில் அவற்றைக் காப்பவை மாடுகள். மற்ற மலைநாடுகளில் கோடையில் மாடுகளை மேலே ஓட்டிச் சென்று குளிர்காலத்தில் கீழே இறக்குவார்கள். பர்ரனில் அது தலைகீழாக நடக்கிறது. அக்டோபர் கடைசியில் மாடுகளைக் குன்றுக்கு ஏற்றி, வசந்தத்தில் இறக்குகிறார்கள். வின்டரேஜ் எனப்படும் இந்த முறைக்குக் காரணம் பாறையேதான். கோடை வெயிலில் ஏற்ற வெப்பத்தைச் சுண்ணாம்புக்கல் மெதுவாகவே விடுகிறது; நீர் தேங்காததால் மாடுகள் படுக்கக் காய்ந்த தரை கிடைக்கிறது; அப்புல்லில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. குளிர்காலம் முழுவதும் மாடுகள் முரட்டுப் புல்லை மேய்ந்து தீர்ப்பதால் சிறு செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. கோடையில் மேய்ச்சல் இல்லாததால் பூக்களும் பிழைக்கின்றன. மேய்ச்சல் குறைந்த சரிவுகளில் ஹேசல் புதர் மண்டிப் பாறையையே மூடிவிட்டதையும் பார்த்தேன். 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் மீது படையெடுத்த ஆங்கிலத் தளபதி குரோம்வெல்லின் படைத்தலைவர்களில் ஒருவரான எட்மண்ட் லட்லோ, இங்கே ஒருவனை மூழ்கடிக்கத் தண்ணீரோ, தூக்கிலிட மரமோ, புதைக்க மண்ணோ போதாது என்று எழுதியது பலரும் மேற்கோள் காட்டுவது. அவரே அதற்கடுத்து, பாறை இடுக்குப் புல் இனிமையும் ஊட்டமும் மிக்கது என்றும், இங்குள்ள மாடுகள் நன்கு கொழுத்தவை என்றும் எழுதியிருக்கிறார். 1651இல் அவர் பார்த்தது இன்றும் பொருந்துகிறது.

பாறைவெளியின் நடுவே நிற்கும் புல்னபுரோன் கல்திட்டையில் 1986இல் தொடங்கிய அகழாய்வில், கைக்குழந்தைகள் உட்பட 30க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவை 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. ஓர் இடுப்பெலும்பில் கல் ஆயுதத்தின் முனை பதிந்திருந்தது. பலருடைய முதுகும் தோளும் கடும் உழைப்பால் தேய்ந்திருந்தன. இதைச் சுற்றிலும் வருபவர்கள் பாறைத்தளத்தைப் பெயர்த்து, விளையாட்டாகச் சிறு கல்திட்டைகளைக் கட்டிவிட்டுப் போவது என்னை மிகவும் வருத்தியது. பெயர்த்த ஒவ்வொரு கல்லும் ஏதோ ஒரு பூச்சிக்கோ பெரணிக்கோ உறைவிடமாக இருந்தது. அருள்கூர்ந்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

மோஹரில் கல்லே வேறு. பர்ரனின் சுண்ணாம்புக்கல் அங்கே கீழே புதைந்துபோக, அதன்மேல் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராற்றின் கழிமுகத்தில் படிந்த மணலும் சேறும் இறுகிய அடுக்குகள் 214 மீட்டர் வரை உயர்ந்து நிற்கின்றன. நடைபாதை ஓரத்தில் வேலியாக நட்டிருக்கும் பலகைக்கற்களைக் கவனித்துப் பாருங்கள். அக்காலத்துச் சேற்றில் ஊர்ந்த உயிர்களின் வளைந்து நெளிந்த தடங்கள் அவற்றில் புடைத்துத் தெரிகின்றன. பாறை அடுக்குகளின் விளிம்புகளில் கில்லிமாட், ரேஸர்பில், கிட்டிவேக் ஆகிய கடற்பறவைகள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தன. எதிரே உள்ள சிறு மேட்டின் புல்சரிவில் வளை தோண்டி வாழும் பஃபின் பறவைகளைத் தொலைநோக்கியால் பார்த்தேன். ஏப்ரல் முதல் ஜூலை வரைதான் இவை கரையில் இருக்கும். காற்றையும் உதிரும் விளிம்பையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது; உயிரிழப்புகளுக்குப் பிறகு 2024இல் இங்குள்ள கடலோர நடைபாதையின் பல பகுதிகள் மூடப்பட்டன. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பதைக் கேட்டறிந்த பிறகே நடையைத் தொடங்க வேண்டும்.

ஒரு பகல் மீதமிருந்தால் டூலின் துறையிலிருந்து படகேறி இனிஷீர் தீவுக்குப் போகலாம். பர்ரனின் அதே சுண்ணாம்புக்கல்தான் கடலுக்கு அடியில் சென்று அங்கே மறுபடியும் எழுகிறது. வயல்களைப் பிரிக்கும் சாந்தில்லாக் கல்சுவர்களும், 1960 மார்ச் புயலில் கரையொதுங்கித் துருப்பிடித்து நிற்கும் பிளாஸி என்ற சரக்குக் கப்பலும் அங்கே பார்க்க வேண்டியவை. அக்கப்பலின் மாலுமிகள் அனைவரையும் தீவு மக்களே கயிறு கட்டி மீட்டார்கள்.

பூக்களுக்கு மே மாதமே ஏற்றது. கணுக்காலைப் பிடிக்கும் காலணியும் மழைக்காப்பு உடையும் கட்டாயம் தேவை; சில பாளங்கள் மிதித்தால் ஆடும், ஈரமானால் வழுக்கும். அக்டோபர் இறுதியில் செல்ல முடிந்தவர்களுக்கு, மாடுகளைக் குன்றுக்கு ஏற்றும் நாளில் உழவர்களோடு பொதுமக்களும் சேர்ந்து நடக்கும் வின்டரேஜ் விழா உண்டு. என் அடுத்த பயணத்தை அந்த வாரத்துக்கே திட்டமிட்டிருக்கிறேன்.